எலி இல்லாத கூடு

எலி கூடு கட்டும். மாலையில் ஒரு பஞ்சுக் கட்டியைக் கூண்டுக்குள் போட்டுவிட்டால், விடிவதற்குள் அதைப் பல்லால் பிய்த்து, ஒரு மூலையில் குவித்து, நடுவில் குழி செய்து படுத்துக்கொள்ளும். சில எலிகள் பஞ்சைத் தொடுவதேயில்லை. அவற்றுக்குப் பூஜ்யம். கொஞ்சம் பிய்த்துப் போட்டால் ஒன்று. தட்டுப் போலப் பரப்பினால் இரண்டு. கிண்ணம் போலச் சுவர் எழுப்பினால் மூன்று, நான்கு. சுவர் எலியைவிட உயர்ந்து, மேலே கூரையும் மூடி, உள்ளே எலி இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு வந்தால் ஐந்து.

இந்த மதிப்பெண்ணைப் போடுவதுதான் என் வேலை.

"முதுகலை படிச்சிட்டு எலியோட படுக்கைக்கு மார்க் போடுறா" என்று அக்கா சொல்வாள். தவறில்லை. அவள் ஒரு கால் சென்டரில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். அப்பா காப்பீட்டு முகவர். எதிரில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு பாலிசியை நுழைத்துவிடுவார். அம்மாவுக்கு மழலையர் பள்ளியில் வேலை. எங்கள் வீட்டில் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. "இருந்த பேச்சையெல்லாம் பெரியவளே எடுத்துக்கிட்டா, சின்னவளுக்கு மிச்சம் வைக்கல" என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்வாள். மரபணு அப்படிப் பங்கு பிரிவதில்லை என்று ஒரு முறை விளக்க நினைத்தேன். நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் விருந்தாளிகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆய்வகம் பேச்சின் மரபணுவை ஆராய்கிறது. பேச்சுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. ஆனால் நாக்கும் உதடும் மூளையும் சேர்ந்து செய்யும் நுணுக்கமான அசைவுகளில் பங்குள்ள ஒன்று இருக்கிறது. அது எலிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. மிகச் சில இடங்களில் மட்டும் வேறுபடும். எங்கள் எலிகளில் பாதிக்கு அந்த மரபணுவின் மனித வடிவம் வைக்கப்பட்டிருந்தது. அவை பேசவில்லை. கொஞ்சம் கனத்த குரலில் கீச்சிட்டன. அதற்கே பேராசிரியர் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார்.

அடுத்து அவருக்குக் கூட்டின் மேல் எண்ணம் வந்தது.

"சொல்லை அடுக்கினா வாக்கியம். பஞ்சை அடுக்கினா கூடு. அடுக்குற மூளை ஒண்ணுதான்" என்றார் ஒரு நாள் மின்தூக்கிக்குள். "பேச்சும் வடிவமைப்பும் ஒரே வேர்லேந்து வந்ததுன்னு நான் நிரூபிக்கப்போறேன். மனித மரபணு இருக்குற எலி நல்ல கூடு கட்டும். நீ என்ன சொல்றே?"

"சார், அதை எப்படி அளக்கிறதுன்னு..."

"அதேதான்! எப்படி அளந்தாலும் தெரியும்னுதானே சொல்றே? பிரமாதம். நீயே செய்."

பேச்சின் வேரைத் தேடும் அந்த மனிதர் யாருடைய வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை. பாதியில் வாங்கி, தானே முடித்துத் திருப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் அது வேறு வாக்கியமாக இருக்கும். வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். கூட்டைப் பற்றிய கட்டுரையில் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும். முதல் பெயர் இருந்தால் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்கும். இல்லையென்றால் ஆண்டு முடிவில் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அவள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசும் வேலை.

"உனக்கு அது நல்லதுடி. கூச்சம் போயிடும்" என்றாள்.

 அந்த ஆண்டு முழுக்க நான் அவ்வளவு கவனமாக எலிப் படுக்கைகளுக்கு மதிப்பெண் போட்டதற்கு அந்த நாற்காலிதான் காரணம்.

மதிப்பெண் போடுகிறவர் எது எந்த எலி என்று தெரிந்துகொள்ளக் கூடாது. தெரிந்தால் கை சாய்ந்துவிடும். அதனால் நான் எலிக்கூடத்துக்குள் போகக் கூடாது என்று விதி. கூண்டுகளில் மனித வடிவ எலிகளுக்குப் பச்சை வில்லை, சாதாரண எலிகளுக்கு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும். காலையில் தண்ணீர் மாற்ற வருகிற எலிக்கூடப் பராமரிப்பாளர், ஒவ்வொரு கூண்டின் மூடியையும் திறந்து மேலிருந்து ஒரு படம் எடுப்பார். கணினி அந்தப் படங்களைக் கலைத்து, வில்லை தெரியாமல் வெட்டி, வேறு எண் கொடுத்து எனக்கு அனுப்பும். என் கண்ணை அவ்வளவு பக்குவமாகக் கட்டியிருந்தோம். வேறு யார் கண்ணையும் கட்ட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பராமரிப்பாளரை எல்லோரும் கூண்டண்ணன் என்று கூப்பிடுவார்கள். இங்கு வருவதற்கு முன் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறை ஒழுங்கு செய்கிறவராக இருந்தார். அந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். ஆனால் அவர் கை இன்னும் அங்கேயே வேலை பார்த்தது. அவர் மடித்து வைத்த ஆய்வகக் கோட்டைப் பிரிக்க மனசு வராது. கைதுடைக்கும் காகிதத்தின் நுனியைக்கூட முக்கோணமாக மடித்துவிட்டுப் போவார். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அதைப் பற்றி யோசிப்பதை எப்போதோ விட்டுவிட்டோம்.

கடைசிச் சுற்று மழைக்காலத்தில் வந்தது. மதிப்பெண்ணோடு, எலி பிய்க்காமல் விட்ட பஞ்சையும் எடை போடுவோம். ஈரக் காற்றில் பஞ்சு தானாகவே கனக்கும். எவ்வளவு கனக்கிறது என்று தெரிய, எலியே இல்லாத ஒரு கூண்டில் பஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வெளி அறையில் ஒரு கூண்டை எடுத்து, மரத்தூள் பரப்பி, பஞ்சுக் கட்டியை வைத்தேன். வெள்ளை வில்லை தீர்ந்துபோயிருந்தது. காலிக் கூண்டுதானே என்று ஒரு பச்சையை ஒட்டி, அதன் எண்ணை மட்டும் கணினியில் தனியாகப் பதிந்து, மற்ற கூண்டுகளோடு உள்ளே போகும் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை படங்கள் வந்தன. வழக்கம் போல் மூன்று, இரண்டு, ஐந்து, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். அப்படி ஒரு கூட்டை நான் பார்த்ததில்லை. உருண்டு திரண்ட கூரை. சுற்றிலும் ஒரே அளவான சுவர். முன்பக்கம் பஞ்சு மெலிதாக முறுக்கேறி மேலே எழுந்து, வளைந்து, நுனியில் லேசாகக் குனிந்திருந்தது. உள்ளே எலி தெரியவில்லை. தெரியாததுதானே நல்ல கூட்டுக்கு அடையாளம். ஐந்து போட்டேன். ஆறு இருந்திருந்தால் அதையே போட்டிருப்பேன்.

பின்னாலிருந்து பேராசிரியரின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"அன்னம்" என்றார்.

"சார்?"

"கழுத்தைப் பாரு. அலகைப் பாரு. இது அன்னம்! எலி சிலை செஞ்சிருக்கு!"

"சார், எலி எங்கயும் அன்னத்தைப் பார்த்திருக்க..."

"பார்த்திருக்கவே வேண்டியதில்லைங்குறே! அதுதான் அதிசயமே. பார்க்காத ஒண்ணைக் கற்பனை பண்றது. மொழி பொறந்தது இந்த இடத்துலதாம்மா!" கணினிச் சுட்டெலியை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் படத்தைத் தனக்கே அனுப்பிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கடைசி மதிப்பெண்ணையும் போட்டு முடித்து, கணினியிடம் உண்மை எண்களைக் கேட்டேன். பச்சைக் குழு வெள்ளையைவிட வெகு தூரம் முன்னால் இருந்தது. நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். முதல் பெயர், முனைவர் பட்டம், அக்காவின் ஒலிவாங்கி இல்லாத வாழ்க்கை. பிறகு அன்னத்தின் எண்ணைத் தேடினேன். அது பச்சைக் குழுவில் இல்லை. வெள்ளையிலும் இல்லை. பட்டியலுக்கு அடியில் தனியாக இருந்தது. நான் மரத்தூள் பரப்பி வைத்த காலிக் கூண்டு.

எண் மாறியிருக்கும் என்று மறுபடி பார்த்தேன். மாறவில்லை. எங்கள் ஆய்வகத்தின் மிகச் சிறந்த கூட்டை, எலியின் இல்லாமையே கட்டியிருந்தது.

மதிப்பெண் வேலை முடிந்துவிட்டதால் எலிக்கூடத்துக்குள் போக எனக்குத் தடை இல்லை. கூண்டண்ணன் உள்ளே தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி, மூடிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நேத்து சாயந்திரம் ஒரு காலிக் கூண்டு வந்துச்சே..."

"அந்தப் புது ரூமா?"

"ரூமா?"

"புது எலி வரப்போகுதுன்னு நெனச்சேன்மா. பச்சை வேற ஒட்டியிருந்துச்சு. ஆள் வர்றதுக்கு முன்னாடி ரூம் ரெடியா இருக்க வேணாமா?"

"அதுல அந்த அன்னம்..."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டியா! ஹோட்டல்ல துண்டுல செய்வோம். பஞ்சுல நிக்குமோ நிக்காதோன்னு ஒரு சந்தேகம். நின்னுடுச்சு பாரு. எலி இருந்தா நம்மள வேலை செய்ய விடாது, கடிக்க வரும். அவசரமா ஓரத்தைத் தட்டிவிட்டு, மேல கொஞ்சம் மூடிவிட்டு, போட்டோ எடுத்துட்டு ஓடணும். இது காலியா இருந்துச்சு, கொஞ்சம் நிதானமா செஞ்சேன்."

நான் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

"மத்த கூண்டுலயும் தட்டிவிடுவீங்களா அண்ணா?"

"பச்சைக்கு மட்டும்தான். வெள்ளைக்காரங்க எப்படியோ போகட்டும், எலிதானே. பச்சைக்கு மனுஷனோட ஜீன் இருக்குன்னு சாரே சொன்னாரு. மனுஷ ஜீன வெச்சுக்கிட்டு அலங்கோலமா கிடந்தா பார்க்குறவங்க என்ன நெனப்பாங்க? அதுவும் போட்டோ எடுக்குற நேரத்துல."

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்தே." கொஞ்சம் கவலையோடு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு அண்ணா" என்றேன். அது உண்மை. நான்தான் ஐந்து போட்டிருந்தேன்.

பேராசிரியரிடம் சொல்லக் கிளம்பினேன். அவர் தொலைபேசியில் இருந்தார். எங்களுக்குப் பணம் தரும் அறக்கட்டளையின் தலைவி அடுத்த வாரம் வருகிறாராம். அன்னத்தைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் நான் ஆரம்பித்தேன்.

"சார், அந்த அன்னம் எந்தக் கூண்டுன்னு பார்த்தேன். அது வந்து..."

"பச்சை! தெரியும். வேற எதுவா இருக்க முடியும்?"

"ஒட்டியிருந்தது பச்சைதான் சார், ஆனா..."

"ஆனா இன்னும் நிறைய எலி வேணுங்குறே. வாங்கலாம். அதுக்குத்தானே அந்தம்மா வர்றாங்க. அன்னிக்கு மேடையில என் பக்கத்துல நீ நிக்கணும். இளம் விஞ்ஞானின்னா அவங்களுக்குப் பிடிக்கும்."

திரும்பி வந்து எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதினேன். காலிக் கூண்டு, பச்சை வில்லை, கூண்டண்ணன், ஓரம் தட்டுதல். எழுதும்போது எனக்குத் தடங்கலே வராது. பதில் உடனே வந்தது. ஒரு கட்டைவிரல் படம். அவர் தலைப்பைத் தாண்டி எதையும் படிக்க மாட்டார் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கொடுத்திருந்த தலைப்பு: 'கூடு முடிவுகள்'. அதற்குக் கட்டைவிரல் பொருத்தமான பதில்தான்.

அன்று மாலை என் மனசு எனக்காக நன்றாக வாதாடியது. வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று, எழுதியும் பார்த்தாயிற்று. இனி அவர் பாடு. கட்டுரை வெளிவரட்டும், முதல் பெயர் கிடைக்கட்டும், இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூண்டண்ணன் வேலையும் பிழைக்கும். அந்தச் சமயம் பார்த்து அக்கா போனில் கூப்பிட்டாள்.

"நேர்முகத் தேர்வுக்கு உன் பேரைக் கொடுத்துட்டேன். ஒண்ணும் பயப்படாதே, உன்னைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான்."

என்னைப் பற்றி இரண்டு நிமிடத்துக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அப்பா, ஒருத்தருக்குப் பிடிக்காத விஷயத்தை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"மொதல்ல பிடிச்சதைச் சொல்லு" என்றார் யோசிக்காமல். "அப்புறம் பிடிச்சதையே இன்னொரு தடவை சொல்லு."

"பிடிக்காதது?"

"அது பாலிசியில சின்ன எழுத்துல இருக்கும்மா." பிறகு, "ஏன், எலி பேசிடுச்சா?" என்றார்.

"இல்லப்பா."

"பரவால்ல. உனக்கே லேட்டாத்தானே வந்துச்சு."

அறக்கட்டளைத் தலைவி வந்த அன்று கருத்தரங்க அறையில் புதிய நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேசை மேல் தண்ணீர்க் குவளைகளுக்குக் கீழே காகித விரிப்புகள் விசிறி போல மடிக்கப்பட்டிருந்தன. யார் கைவேலை என்று கேட்க வேண்டியதில்லை. கூண்டண்ணன் சலவைச் சட்டையில், காட்சிக்கு வைத்த இரண்டு எலிக்கூண்டுகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் பேசினார். நன்றாகப் பேசினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குகைச் சுவரில் முதல் கோடு போட்ட கை, முதல் சொல்லைச் சொன்ன நாக்கு, இரண்டையும் இயக்கிய ஒரே மரபணு. எனக்கு உண்மை தெரியும், எனக்கே சிலிர்த்தது. வடிவமைப்பின் பிறப்பைப் பற்றிய அவருடைய திரைக்காட்சி ஊதாப் பின்னணியில் சிவப்பு எழுத்தாக இருந்தது. யாராலும் படிக்க முடியவில்லை. அதனால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில் திரை முழுக்க அன்னம் வந்தது. அறையில் ஓர் 'ஆ' எழுந்தது. கூண்டண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

தலைவி வயதானவர், சன்னமான குரல். "ரொம்ப அழகு. இந்த எலியோட படம் தனியா இருக்கா? எங்க ஆண்டு மலரோட அட்டையில போடலாம்."

"தாராளமா" என்றார் பேராசிரியர். "எந்த எலின்னு என் மாணவி சொல்லுவா. மார்க் போட்டது அவதான்."

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. அக்காவின் அலுவலகத்தில் தலையில் மாட்டுவார்கள். இங்கே கையில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஏதோ ஒரு எலியின் எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு எலி அட்டைப்படத்தில் வந்திருக்கும். எல்லா எலியும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு எண் நாக்கு நுனி வரை வந்தது. பேராசிரியர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார், நான் தயங்கினால் முடித்துக் கொடுக்கத் தயாராக.

"அதுல எலி இல்ல மேடம்" என்றேன்.

தலைவி சிரித்தார். "உள்ள படுத்திருக்குமோ?"

"இல்ல மேடம். கூண்டே காலி."

"காலிக் கூண்டு எப்படிம்மா கூடு கட்டும்?"

"அண்ணன் கட்டினார்" என்று கை நீட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். கூண்டண்ணன் எழுந்து நிற்கப் பார்த்தார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் ஒரு வணக்கம் வைத்தார். "பச்சை ஒட்டின கூண்டையெல்லாம் காலையில ஒழுங்கு பண்ணியிருக்கார். அவருக்கு அது தப்புன்னு தெரியாது. நாங்க சொல்லல. அதனால இந்த முடிவு... எலியோடது இல்ல."

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. என் முனைவர் பட்டமும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.  பேராசிரியரின் முகத்தில் முதலில் எதுவும் இல்லை. அவர் சொல் இல்லாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, தண்ணீர் சூடேறுவது போல, அடியிலிருந்து ஒரு புன்னகை கிளம்பி வந்தது.

"நான் காத்திருந்த கேள்வி இதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எந்த ஆய்வுக்கும் ஒரு காலிக் கூண்டு அவசியம் என்றார். அன்னத்தைக் கண்டதும் எல்லோரும் மயங்கினீர்கள் அல்லவா, அந்த மயக்கத்தைக் காட்டத்தான் அதைத் திரை முழுக்க வைத்தேன் என்றார். பராமரிப்பாளரிடம் வேண்டுமென்றே எதையும் சொல்லவில்லை என்றார். எலியின் கூட்டில் மனிதன் தன் கையைக் காண்கிறான், ஆக இந்த ஆய்வு உண்மையில் மனிதனைப் பற்றியது என்று முடித்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அது நடந்துவிட்டது. வாக்கியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுவராகி, மேலே கூரையும் மூடிக்கொண்டன. உள்ளே எதுவும் இல்லை என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. என் கையில் மதிப்பெண் தாள் இருந்திருந்தால் ஐந்து போட்டிருப்பேன்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. "இவ்வளவு நேர்மையான ஆய்வை நான் பார்த்ததில்லை" என்று தலைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பணம் வந்தது. கூண்டண்ணன் வேலை போகவில்லை. ஒரு ரகசிய ஆய்வில் பங்கு வகித்தவர் என்று சிற்றுண்டிச் சாலையில் பெயர் வாங்கிவிட்டார். "எனக்கே தெரியாம என்னை வெச்சுப் பண்ணியிருக்காங்கன்னா பாத்துக்கோயேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். தலைவியின் ஆசைக்காகக் கூண்டண்ணனின் எச்சிலை எடுத்து அந்த மரபணுவைப் படித்தோம். முடிவை நான்தான் போய்ச் சொன்னேன்.

"உங்களுக்கு இருக்குறது எல்லாருக்கும் இருக்குற அதே வடிவம்தான் அண்ணா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

நம்ப முடியாதவராக என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏம்மா ஒருத்தரும் படுக்கையை ஒழுங்கா விரிக்க மாட்டேங்குறாங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் இன்னும் பதில் இல்லை.

கூடுகளை முதலிலிருந்து மறுபடி எடுத்தோம். இந்த முறை வில்லைகள் இல்லை. கூண்டண்ணன் படம் எடுத்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். "கை அரிக்குதும்மா" என்பார். இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. முடிவில் எண்களைத் திறந்து பார்த்தால், பழைய பச்சையும் வெள்ளையும் ஒன்றுதான். மனித மரபணு வைத்த எலிகள் எலி போலவே தூங்கின.

ஒரு நாள் பேராசிரியரிடமிருந்து புதிய கட்டுரையின் வரைவு எனக்கு வந்தது. காலிக் கூண்டைப் பற்றியது. பராமரிப்பவரின் கை ஆய்வை எப்படிச் சாய்க்கிறது, அதைப் பிடிக்க எலி இல்லாத ஒரு கூண்டு எப்படி உதவுகிறது. என் மின்னஞ்சல் அப்படியே அதில் இருந்தது. இப்போதுதான் படித்திருப்பார் போல. முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, புள்ளியியல் பார்த்தவருடையது. நான் மூன்றாவது. ஆண்டு முடிய அதிக நாள் இல்லை. முனைவர் பட்ட இடத்துக்கு மூன்றாம் பெயர் போதாது. அக்கா நேர்முகத் தேர்வுத் தேதியை இரண்டு முறை தள்ளி வைத்திருந்தாள். மூன்றாவது முறை தள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

அவர் அறைக்குப் போனேன். திரையில் ஊதா நிறத்தில் எதையோ செய்துகொண்டிருந்தார்.

"வா, வா. கட்டுரை பார்த்தியா?"

"பார்த்தேன் சார். அந்தக் காலிக் கூண்டு..."

"நம்மோட மாஸ்டர் ஸ்ட்ரோக்! அதை இன்னும் விரிவா எழுதணுங்குறே. எழுதலாம்."

"இல்ல சார். பேர் வரிசை..."

"அகர வரிசையில போடணுங்குறியா? அது பழைய முறைம்மா. நீ சொல்ல வர்றது எனக்குப் புரியுது, என்னன்னா..."

"நான் இன்னும் முடிக்கல சார்."

குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. வெளியே நடந்துபோன யாரோ நின்றது கண்ணாடி வழியே தெரிந்தது. பேராசிரியர் வாயை மூடினார். கையை மேசை மேல் வைத்துக்கொண்டார். காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவ்வளவு தூரம் வருவேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அடுத்த வாக்கியம் என்னிடம் தயாராக இல்லை.  அவர் காத்திருந்தார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அன்னம், கழுத்தைத் தாழ்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கூண்டை வெச்சது நான். அதுல எலி இல்லன்னு சொன்னதும் நான்" என்றேன். "மொதல் பேர் என்னோடது."

"அவ்வளவுதானா?" என்றார்.

கொஞ்சம் யோசித்தேன்.

"அவ்வளவுதான் சார். அப்புறம், திரையில ஊதா மேல சிவப்பு போடாதீங்க. படிக்க முடியல."

பெயரை உடனே மாற்றினார். நிறத்துக்குத்தான் ரொம்ப நேரம் வாதாடினார்.